பெயரும் தேதியும் மட்டும் கையில் இருந்தால் எந்த ஆவணத்தில் தொடங்குவது?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தின் மான்ட்கமரி நகரில் 2018 ஏப்ரலில் திறந்த நினைவிடத்தில், துருவேறிய எஃகுத் தூண்கள் 800-க்கும் மேல் இருக்கின்றன. ஒரு தூணுக்கு ஒரு கவுன்டி, அதாவது நம் ஊர் மாவட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பிரிவு. அந்தக் கவுன்டியில் வெள்ளையர் கும்பல்கள் தூக்கிலிட்டும் சுட்டும் எரித்தும் கொன்ற கறுப்பினத்தவரின் பெயரும் தேதியும் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. சில வரிகளில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘தெரியாதவர்’ என்று மட்டும் இருக்கும்.

தூணில் அதற்கு மேல் இடமில்லை. அந்த மனிதர் எங்கே பிறந்தார், எழுதப் படிக்கத் தெரியுமா, சொந்த நிலம் இருந்ததா, அந்த இரவுக்குப் பிறகு மனைவி பிள்ளைகள் எந்த ஊருக்குப் போனார்கள் என்பதெல்லாம் வேறு வேறு காகிதங்களில் சிதறிக் கிடக்கிறது. அவற்றில் கணிசமானவற்றை இப்போது வீட்டில் உட்கார்ந்தே பார்க்க முடிகிறது. வேலை முடிந்து வந்து இரவில் ஒரு மணி நேரம் ஒதுக்கக்கூடிய ஆள் எதில் தொடங்குவது? நான் தொடங்கியது பழைய பத்திரிகைகளில். தொடங்கியதில் தப்பில்லை. அங்கேயே மாதக்கணக்கில் உட்கார்ந்துவிட்டேன், அதுதான் தப்பு. கொலை நடந்த இரவைப் பற்றி 40 பக்கம் குறிப்பு சேர்ந்தது. இறந்தவருக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

முதலில் பட்டியல்களைப் பார்த்துவிடலாம், அதிக நேரம் பிடிக்காது. அலபாமாவில் கறுப்பினத்தவருக்காக நடந்த டஸ்கீகி கல்வி நிலையம் 1882 முதல் 1968 வரை 4,743 கும்பல் கொலைகளைக் கணக்கில் வைத்தது. கொல்லப்பட்டவர்களில் 3,446 பேர் கறுப்பினத்தவர். மான்ட்கமரி நினைவிடத்தை எழுப்பிய ஈக்வல் ஜஸ்டிஸ் இனிஷியேட்டிவ் 1877 முதல் 1950 வரை எடுத்துக்கொண்டு, 4,400-க்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் என்கிறது. காலம் வேறு, எதைக் கணக்கில் சேர்ப்பது என்ற வரையறையும் வேறு. அதனால் எண் ஒத்துப்போகவில்லையே என்று மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கவனிக்க வேண்டியது இன்னொன்று: இந்தப் பட்டியல்களுக்கு அடித்தளமே பெரும்பாலும் பத்திரிகைத் துணுக்குகள்தான். நிருபர் பெயரைத் தப்பாக எழுதியிருந்தால் பட்டியலிலும் அதே தப்பு உட்கார்ந்திருக்கும். அரை மணி நேரம் போதும். பெயர், தேதி, கவுன்டி மூன்றையும் எழுதிக்கொண்டு நகர்ந்துவிடலாம்.

அடுத்தது பத்திரிகை. அமெரிக்காவின் தேசிய நூலகம் போன்ற லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் நடத்தும் ‘க்ரானிக்ளிங் அமெரிக்கா’ தொகுப்பில் பழைய நாளிதழ்கள் இலவசம். ஊரையும் தேதியையும் போட்டுத் தேடினால் ஒரே செய்தி இருபது பத்திரிகைகளில் வரிக்கு வரி அப்படியே வந்து நிற்கும். தந்தியில் போன செய்தி அது. இருபது சாட்சிகள் கிடைத்துவிட்டதாக நினைத்துவிடக் கூடாது.

பெயர் விஷயத்தில் பத்திரிகை எவ்வளவு கவிழ்க்கும் என்பதற்கு 1899 ஏப்ரல் 23-ஆம் தேதி ஜார்ஜியாவின் நியூனன் அருகே பெருங்கூட்டத்தின் நடுவே உயிரோடு எரிக்கப்பட்டவரின் கதையே போதும். பத்திரிகைகள் அவரை சாம் ஹோஸ் என்றன, சில சாம் ஹோல்ட் என்றன. குடும்பப் பெயர் வில்க்ஸ். முதலாளியைக் கொன்றுவிட்டு அவர் மனைவியைக் கெடுத்தார் என்று ஜார்ஜியா பத்திரிகைகள் நாள் தவறாமல் எழுதின. கும்பல் கொலைகளை எதிர்த்து எழுதிய கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் ஏற்பாடு செய்து சிகாகோவிலிருந்து அனுப்பிய துப்பறிவாளர் லூயி லெ வின், நேரில் போய் விசாரித்து வேறு கதையைக் கொண்டுவந்தார்: கூலித் தகராறு, முதலாளி துப்பாக்கியை எடுத்தார், இவர் தற்காப்புக்குக் கோடரியை வீசினார், அந்தப் பெண்ணை இவர் தொடவே இல்லை. வழக்கின் நியாயம் ஒருபுறம் இருக்கட்டும். வாழ்க்கையைத் தேடுகிற நமக்கு இதில் வேறொரு சிக்கல் உண்டு. ‘ஹோஸ்’ என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு சென்சஸில் இறங்கினால், அந்தப் பெயரில் அவர் பிறந்து வளர்ந்த குடும்பமே இருக்காது.

எனவே பத்திரிகையில் குற்றச்சாட்டு பற்றிய பத்திகளை இப்போது வேகமாகத் தாண்டிவிடுகிறேன். ‘பத்திரிகை சொன்னது’ என்று தனிப் பக்கம் போட்டு அங்கே எழுதி மூடிவிடுவேன். எனக்கு வேண்டியது ஓரத்தில் சிந்திக் கிடக்கும் தகவல்: யாருடைய பண்ணையில் வேலை, எந்தக் கவுன்டியிலிருந்து வந்தவர், யாருடைய மருமகன், எந்த ரயில் நிலையத்தில் பிடித்தார்கள். இதிலெல்லாம் பொய் சொல்லி நிருபருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. கறுப்பினத்தவர் நடத்திய பத்திரிகைகள், குறிப்பாக ‘ரிச்மண்ட் பிளானட்’, 1905-க்குப் பிறகு ‘சிகாகோ டிஃபெண்டர்’, கிடைத்தால் அவற்றை இன்னும் நிதானமாகப் படிக்கலாம். ஒருவருக்குக் குடும்பம் இருந்தது என்பது அவற்றில்தான் செய்தியாகும்.

இப்போது சென்சஸ். பத்து ஆண்டுக்கு ஒரு முறை வீடு வீடாகப் போய் எழுதியது, பெரும்பாலும் இலவசமாகப் பார்க்கலாம். அடிமையாக இருந்தவர்கள் பெயரோடு முதலில் வருவது 1870-இல். அதற்கு முன் 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உடைமையாளர் பெயருக்குக் கீழே வயது, பாலினம், நிறம் மட்டும்தான். 1900 சென்சஸ் தாள் ஒரு புதையல். பிறந்த மாதமும் ஆண்டும், கல்யாணமாகி எத்தனை ஆண்டு, தாய்க்குப் பிறந்த பிள்ளைகள் எத்தனை, அதில் உயிரோடு எத்தனை, வாசிக்கத் தெரியுமா, எழுதத் தெரியுமா, வீடு சொந்தமா வாடகையா, சொந்தமென்றால் அடமானத்தில் இருக்கிறதா என்று ஒரே வரியில் ஒரு குடும்பமே உட்கார்ந்திருக்கும்.

ஓக்லஹோமாவின் ஓகீமா ஊரில் 1911 மே மாதம் லாரா நெல்சனையும் அவர் மகனையும் பாலத்திலிருந்து தூக்கிலிட்டார்கள். ஊர்ப் புகைப்படக்காரர் எடுத்த படங்கள் தபால் அட்டையாக விற்றன. அந்தப் படத்தை எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள். மகனின் பெயர் பத்திரிகைகளில் எல்.டபிள்யூ. என்றும் வேறு மாதிரியும் வருகிறது, வயதும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. 1910 சென்சஸ் தாளில் அவன் எல்.டி.; பெற்றோரோடு ஒரு வீட்டில் இருக்கிறான், கூடவே கேரி என்று ஒரு தங்கை, நடை பழகிய குழந்தை. பாலத்துக்கு ஓராண்டுக்கு முன்பு வாசலில் வந்து நின்ற கணக்கெடுப்பாளரிடம் வீட்டார் சொன்ன பெயர்கள். இரண்டில் எந்தப் பெயரை வைத்துக்கொள்வது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் சென்சஸில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. 1890 சென்சஸ் தாள்களின் பெரும்பகுதி 1921-இல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்திலும் அதன் பின்விளைவிலும் போய்விட்டது. டஸ்கீகி கணக்குப்படி ஒரே ஆண்டில் மிக அதிகமான கறுப்பினத்தவர் கொல்லப்பட்டது 1892-இல், 161 பேர். அந்த ஆண்டில் இருபது வயதில் கொல்லப்பட்ட ஓர் இளைஞனை எடுத்துக்கொள்ளுங்கள். 1870-இல் பிறக்கவில்லை, 1890 எரிந்துவிட்டது, 1900-இல் உயிரோடு இல்லை. வாழ்நாளில் ஒரே ஒரு முறை, 1880-இல், எட்டு வயதுப் பையனாக மட்டும் சென்சஸில் தெரிவான். கொலைகள் உச்சத்தில் இருந்த காலத்தை ஆராய்பவர்களுக்கு சென்சஸ் மட்டும் போதாது என்று சொல்வது இதனால்தான்.

இன்னொரு பள்ளம் ஒரே பெயர். நான் ஒரு மனிதரை மூன்று வாரம் துரத்தினேன். பெயர் அதே, கவுன்டி அதே, வயதில் இரண்டு ஆண்டு வித்தியாசம். சென்சஸில் இரண்டு ஆண்டு வித்தியாசம் சகஜம் என்று விட்டுவிட்டேன். மனைவி, நான்கு பிள்ளைகள், பக்கத்து வீட்டில் அண்ணன் என்று அழகாகக் குடும்ப மரம் வரைந்தாகிவிட்டது. அப்புறம் ஒரு நாள் சும்மா 1910 தாளைத் திறந்தால் மனிதர் அங்கே இருக்கிறார். நான் தேடியவரைக் கொன்று அப்போது ஆறு ஆண்டாகியிருந்தது. குடும்ப மரத்தை அப்படியே அழித்தேன். இப்போது யாரைக் கண்டுபிடித்தாலும் முதல் வேலை, அடுத்த சென்சஸில் அவர் இருக்கக் கூடாது என்று சரிபார்ப்பதுதான்.

ஊரில் இல்லாதவர்களை சென்சஸ் காட்டவும் காட்டாது. மினசோட்டாவின் டுலுத் நகரில் 1920 ஜூன் 15 இரவு கொல்லப்பட்ட எலியாஸ் கிளேட்டன், எல்மர் ஜாக்சன், ஐசக் மெகீ மூவரும் ஊர் ஊராகப் போன சர்க்கஸில் வேலை பார்த்தவர்கள். அந்த ஆண்டு சென்சஸ் கணக்குத் தேதி ஜனவரி 1. டுலுத் தாள்களில் அவர்களைத் தேடிப் பயனில்லை.

இளைஞர்கள் விஷயத்தில் சென்சஸை விட எனக்குப் பிடித்த காகிதம் ஒன்று இருக்கிறது: முதல் உலகப் போரின் ராணுவப் பதிவு அட்டை. 1917 ஜூன் 5 அன்று 21 முதல் 30 வயதுள்ள ஆண்கள் எல்லோரும் பதிய வேண்டியிருந்தது. 1918 செப்டம்பரில் 18 முதல் 45 வரை விரித்தார்கள். முகவரி, வேலை, முதலாளி பெயர் எல்லாம் இருக்கும். கையெழுத்து போடத் தெரிந்தால் கையெழுத்து, தெரியாவிட்டால் பெருக்கல் குறி. 1917 அட்டையின் கீழ் இடது மூலையில், ஆள் ஆப்பிரிக்க வம்சாவளியாக இருந்தால் இந்த மூலையைக் கிழிக்கவும் என்று அச்சடித்திருக்கும். கணினியில் அட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போகும்போது கிழிந்த மூலைதான் முதலில் கண்ணில் படும், பெயர் அப்புறம்தான். 1918-க்குப் பிறகு கொல்லப்பட்ட ஆண் என்றால் இந்த அட்டையை விடவே கூடாது. பெண்களுக்கும் 1917-க்கு முன் இறந்தவர்களுக்கும் உதவாது.

இறப்புச் சான்றிதழில்தான் எல்லாம் இருக்கும் என்று நிறையப் பேர் அங்கே ஓடுகிறார்கள். தென் மாநிலங்களில் மாநில அளவிலான இறப்புப் பதிவு தொடங்கியதே தாமதம்: அலபாமாவில் 1908, மிசிசிப்பியில் 1912, தென் கரோலினாவில் 1915, ஜார்ஜியாவில் 1919. உச்சகட்டக் கொலைகள் அதற்கு முன்பே நடந்து முடிந்தவை. மரண விசாரணை அறிக்கை கிடைத்தால் அதில் வழக்கமான வரி ஒன்று இருக்கும்: அடையாளம் தெரியாத நபர்களால் மரணம். நூற்றுக்கணக்கானோர் முகமூடி இல்லாமல் படத்துக்கு நின்ற இடத்திலும் இதே வரிதான். ஆனாலும் ஜூரிகளின் பெயர்களுக்காக அந்த அறிக்கையைப் பார்த்துவிடுவது நல்லது.

இனி நான் மிகவும் தாமதமாகப் போய்ச் சேர்ந்த இடம்: கவுன்டி நீதிமன்றத்தின் காகிதங்கள். நிலப் பத்திரம், அடமானம், விளைச்சலை ஈடு வைத்து வாங்கிய கடன், திருமணப் பதிவு, வரிப் பட்டியல், சொத்துப் பங்கீடு. நம் ஊரில் வில்லங்கம் பார்ப்பது போலத்தான்: விற்றவர் பெயர் வரிசையில் ஓர் அட்டவணை, வாங்கியவர் பெயர் வரிசையில் ஓர் அட்டவணை.

தென் கரோலினாவின் ஆபவில் ஊரைச் சேர்ந்த ஆந்தனி க்ராஃபோர்டை இந்தக் காகிதங்கள் இல்லாமல் புரிந்துகொள்ளவே முடியாது. 1916 அக்டோபர் 21 அன்று பருத்தி விதைக்கு என்ன விலை என்பதில் ஒரு வெள்ளை வியாபாரியோடு வாக்குவாதம். அன்றைக்கே கும்பல் அவரைக் கொன்றது. செய்தியை மட்டும் படித்தால் சந்தையில் வாய்ச்சண்டை போட்ட ஒரு விவசாயி. நில ஆவணத்தில் அவர் 427 ஏக்கரின் சொந்தக்காரர். பெரிய குடும்பம், பிள்ளைகள் அவரைச் சுற்றியே குடியிருந்தார்கள், மெதடிஸ்ட் சர்ச்சில் முக்கியப் பொறுப்பில் இருந்தார். ஊருக்குள் கடன் கேட்டு நிற்க வேண்டிய தேவை இல்லாத கறுப்பினத்தவர். அவரைக் கொன்ற பிறகு குடும்பத்தையே ஊரை விட்டு வெளியேறச் சொல்லி வெள்ளையர் கூட்டம் போட்டு முடிவெடுத்தது ஏன் என்பது அந்த ஏக்கர் எண்ணைப் பார்த்த பிறகுதான் உறைக்கும். நிலம் யார் கைக்குப் போனது என்பதையும் அடுத்தடுத்த பத்திரங்களில் தொடர்ந்து போய்ப் பார்க்கலாம்.

நிலமே இல்லாத கூலிக்காரருக்கு இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். வரிப் பட்டியல் இருக்கிறது. ஜார்ஜியாவில் ஆண்டுதோறும் எழுதினார்கள். கறுப்பினத்தவரைத் தனியாக வரிசைப்படுத்தி, பெரும்பாலும் முதலாளி பெயரோடு. சொத்து ஒன்றுமில்லாத ஆணும் தலைவரி கட்ட வேண்டும், அதனால் பெயர் இருக்கும். ஒரு கோவேறு கழுதை, கொஞ்சம் தட்டுமுட்டுச் சாமான் என்று மதிப்பு போட்டிருப்பார்கள். ஆண்டாண்டாகப் புரட்டினால் ஒருவர் முதல் கழுதை வாங்கிய ஆண்டு தெரியும், பெயர் பட்டியலிலிருந்து மறைந்த ஆண்டும் தெரியும். 1890 சென்சஸ் எரிந்துபோன குறையை இது நன்றாகவே ஈடுகட்டும். நகரத்தில் வாழ்ந்தவர் என்றால் ஆண்டுதோறும் வந்த நகர முகவரிப் புத்தகம் அதே வேலையைச் செய்யும்; பல தென்னக நகரங்களின் புத்தகத்தில் கறுப்பினத்தவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறி இருக்கும். 1892-இல் மெம்ஃபிஸில் கொல்லப்பட்ட தாமஸ் மாஸ் தபால்காரர், மளிகைக் கடையில் பங்குதாரர். அவரைப் போன்றவர்களைத் தேட வேண்டிய இடம் அதுதான்.

நீதிமன்றக் காகிதத்தின் குறை, எல்லாமும் கணினிக்கு வரவில்லை என்பது. வந்தவற்றிலும் பல, அட்டவணை இல்லாத வெறும் படங்கள். பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். சில கவுன்டிகளில் நீதிமன்றமே எரிந்திருக்கும். பொறுமை இல்லாதவர்களுக்கு இது வேண்டாம்.

1909-க்குப் பிறகு நடந்த கொலை என்றால் கறுப்பினத்தவரின் உரிமைகளுக்காக அந்த ஆண்டு தொடங்கிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் கோப்புகளைப் பார்க்காமல் விடக் கூடாது. லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் இருக்கின்றன. டெக்ஸஸின் வேக்கோவில் 1916 மே 15 அன்று ஜெஸ்ஸி வாஷிங்டன் எரிக்கப்பட்டபோது அமைப்புக்காக எலிசபெத் ஃப்ரீமன் அங்கே போய் ஊராரிடம் பேச்சுக் கொடுத்துத் தகவல் சேகரித்தார். ஜார்ஜியாவில் 1918 மே மாதம் கணவரைக் கொன்றதை எதிர்த்துப் பேசியதற்காகக் கர்ப்பிணியான மேரி டர்னரையும் கொன்றார்கள். அமைப்பில் வேலை பார்த்த கறுப்பினத்தவர் வால்டர் வைட், பார்ப்பதற்கு வெள்ளையராகத் தெரிவதைப் பயன்படுத்திக்கொண்டு கொன்றவர்களிடமே பேசி அவர்களின் பெயர்களைக் கொண்டுவந்தார். ஆனால் இப்படி ஆள் போய் விசாரித்த கொலைகள் கொஞ்சம்தான். அந்த அறிக்கைகளும் கொலையை நிரூபிக்க எழுதியவை. இறந்தவரின் இருபது ஆண்டு வாழ்க்கை இரண்டு வரியில் முடிந்துவிடும்.

மறுமுனையில், உள்நாட்டுப் போர் முடிந்த முதல் பத்து ஆண்டுகளில் நடந்த கொலை என்றால் வழியே வேறு. விடுதலையான அடிமைகளுக்கு உதவ அரசு அமைத்த ஃப்ரீட்மென்ஸ் பீரோவின் கோப்புகள், அவர்களின் சேமிப்புக்காக 1865 முதல் 1874 வரை நடந்த ஃப்ரீட்மன்ஸ் வங்கியின் கணக்கு அட்டைகள். வங்கி அட்டையில் தாய் தகப்பன், உடன்பிறந்தோர், பழைய முதலாளி, தோட்டத்தின் பெயர் எல்லாம் கேட்டு எழுதியிருப்பார்கள். வங்கி மூழ்கி ஏழைகளின் சேமிப்பு போனது தனிக் கதை.

குடும்பத்தாரைத் தேடிப் பேசுவதை நான் கடைசியில் வைக்கிறேன். அது குறைந்தது என்பதால் அல்ல. தப்பான ஆளின் பேத்தியைக் கூப்பிட்டு இப்படி ஒரு செய்தியைச் சொன்னால் அதைத் திரும்ப எடுக்க முடியாது, என் மூன்று வாரக் கதையை நினைத்துப் பாருங்கள். க்ராஃபோர்டின் கொள்ளுப்பேத்தியின் மகள் டோரியா டீ ஜான்சன் ஆண்டுக்கணக்கில் ஆவணங்களையும் குடும்ப நினைவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேலை செய்தார். கும்பல் கொலைக்கு எதிராகச் சட்டம் இயற்றாமல் விட்டதற்காக 2005-இல் அமெரிக்க செனட் மன்னிப்புக் கேட்டபோது அவரும் அங்கே இருந்தார். குடும்பம் எந்த ரயிலில் வடக்கே போனது, யார் பெயரை மாற்றிக்கொண்டார்கள் என்பதெல்லாம் குடும்பத்தாருக்கு மட்டுமே தெரியும். ஆனால் கையில் சரிபார்த்த மூன்று ஆவணமாவது இல்லாமல் நான் யாரையும் தொடர்புகொள்ள மாட்டேன். எதையும் வெளியிடும் முன் தொடர்புகொள்ளாமலும் இருக்க மாட்டேன்.

சரி, எதில் தொடங்குவது? பட்டியலுக்கு அரை மணி நேரம், பத்திரிகைக்கு நான்கு இரவு. அதற்கு மேல் கொடுக்காதீர்கள். அதன் பிறகு ஆண்டைப் பாருங்கள். 1870களின் கொலை என்றால் வங்கி அட்டைக்கும் பீரோ கோப்புக்கும் போங்கள். 1882-க்கும் 1899-க்கும் நடுவில் என்றால் சென்சஸில் ஒரு நாள் மட்டும் செலவழித்துவிட்டு நேராக வரிப் பட்டியல். 1900 முதல் 1916 வரை என்றால் சென்சஸ் முதலில், நீதிமன்றக் காகிதம் இரண்டாவது. 1917-க்குப் பிறகு இறந்த ஆண் என்றால் ராணுவப் பதிவு அட்டை, அப்புறம் சென்சஸ், பிறகு என்.ஏ.ஏ.சி.பி. கோப்பு. 1946-இல் ஜார்ஜியாவின் மூர்ஸ் ஃபோர்டில் மனைவியோடு கொல்லப்பட்ட ஜார்ஜ் டார்சியைப் போல ராணுவத்தில் இருந்து திரும்பியவர் என்றால் ராணுவக் கோப்பைக் கேட்கலாம், ஆனால் 1973-இல் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீயில் அந்தக் காலத்துத் தரைப்படைக் கோப்புகளில் பெரும்பகுதி போய்விட்டது, எஃப்.பி.ஐ. விசாரணைக் கோப்பு அதைவிட நம்பிக்கை தரும். இரண்டு ஆவணங்கள் முரண்பட்டால், அவர் உயிரோடு இருந்தபோது வேறு எதற்காகவோ எழுதியதையே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதில் எதிலும் ஆள் அகப்படவில்லை என்றால் கல்லறைப் பதிவேடு இருக்கிறது. அதை ஏனோ எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், நானும்தான். டுலுத்தின் அந்த மூன்று பேரும் பார்க் ஹில் கல்லறையில் பெயர்க்கல் இல்லாமல் 70 ஆண்டு கிடந்தார்கள். இடத்தைக் கண்டுபிடித்து 1991-இல்தான் கல் நட்டார்கள். கல் இல்லாத குழிக்கும் கல்லறை அலுவலகப் புத்தகத்தில் ஒரு வரி இருக்க வாய்ப்புண்டு. பெரும்பாலும் கணினிக்கு வராத புத்தகம் அது. பெயரின் எல்லா எழுத்து வடிவங்களையும், தேதியையும், அடுத்த ஒரு வாரத்தையும் குறிப்பிட்டுக் கல்லறை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் போடுங்கள்.